இரும்பில் இல்லாத குறை: குலசேகரம் பகுதிக் குழந்தை ஒன்றின் சோகை குறித்த நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் குழந்தைகள் நலப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் வெளுத்த குழந்தை புதிதல்ல. புறநோயாளிகள் வரிசையில் நாளொன்றுக்கு ஒரு குழந்தையாவது சோகையோடு வந்துவிடும். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமாக இருக்கும். இரும்பு மருந்து எழுதிக் கொடுத்தால் ஓரிரு மாதங்களில் முகத்தில் நிறம் திரும்பிவிடும். நூறு முறை சரியாக வரும் இந்தக் கணக்கு ஒருமுறை தவறியபோது என்ன நடந்தது என்பதையும், அந்தத் தவறு குழந்தையின் எலும்பு மஜ்ஜைக்குள் புரதம் தயாராகும் முறையோடு எப்படிப் பிணைந்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பெற்றோரின் இசைவு பெறப்பட்டுள்ளது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

குழந்தை பெண், எங்களிடம் வந்தபோது ஐந்தரை மாதம். தந்தை குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளி. தாயின் பிறந்த வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். பிரசவத்துக்கு அங்கே சென்றவர் மூன்று மாதம் வரை அங்கேயே இருந்தார். நிறைமாதப் பிரசவம், பிறப்பு எடை 2.5 கிலோ, மஞ்சள் காமாலை எதுவும் குறிப்பிடும்படியாக இல்லை. இரண்டாம் மாத முடிவில் குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருப்பதை முதலில் கவனித்தவர் பாட்டிதான். கயிறு திரித்துக் காய்த்துப்போன தம் கையோடு பேத்தியின் கையைச் சேர்த்துப் பார்த்து, 'பிள்ளைக்கு ரத்தம் காணாது' என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாதத்தில் ஒரு மருத்துவமனையில் இரும்பு மருந்து தொடங்கப்பட்டது. ஆறு வாரம் தவறாமல் கொடுத்தார்கள். பாலைக் குடிக்கும்போதே மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிடும் நிலை வந்தபோது ஹீமோகுளோபின் 4.4 கிராமாக இருந்தது. அங்கேயே ரத்தம் ஏற்றினார்கள், முகம் தெளிந்தது, மருந்தை இரட்டிப்பாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் அளவு மறுபடி 5.1-க்கு இறங்கிவிட்டது.

எங்களிடம் வந்த அன்று குழந்தையின் எடை 5.6 கிலோ. ஈரல் இரண்டு விரற்கடை தொட்டது, மண்ணீரல் தொடவில்லை, நிணநீர்க் கட்டிகள் இல்லை, தோலில் ரத்தப் புள்ளிகள் இல்லை. இதயத்தில் சோகைக்குரிய மென்மையான முணுமுணுப்பு கேட்டது. அம்மா பழைய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் மருந்துக்கடை ரசீதுகளோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முந்திய நாள் எடுத்த முழு ரத்தப் பரிசோதனைத் தாள் அதற்குள் நான்காக மடிந்து கிடந்தது. ஹீமோகுளோபின் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடப்பட்டிருந்தது. அதற்கு மூன்று வரி கீழே, வட்டம் ஏதுமின்றி, சிவப்பணுவின் சராசரி அளவு 106 ஃபெம்டோலிட்டர் என்று அச்சாகியிருந்தது. நான்கைந்து மாதக் குழந்தைக்கு அந்த எண் 90-ஐ ஒட்டியே இருக்கும். வெள்ளணுக்கள் 9,800, தட்டணுக்கள் 4.2 லட்சம், இரண்டும் சரியாக இருந்தன. இளம் சிவப்பணு எண்ணிக்கை, அதாவது ரெட்டிகுலோசைட் பரிசோதனை, செய்யப்படவே இல்லை.

அந்த 106 என்ற எண்தான் இந்த நிகழ்வின் திறவுகோல். இரும்புக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணு சிறுத்துப்போகும், பருக்காது. இரும்பு மருந்து தொடங்குவதற்கு முன்பே இப்படியொரு பரிசோதனை எடுத்து, தாளை யாராவது கடைசி வரி வரை படித்திருந்தால் ஆறு வாரம் மிஞ்சியிருக்கும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நூறு நோயாளிகள் காத்திருக்கும் காலைப் பொழுதில் கண் எங்கே போய் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு குழந்தை மூச்சு வாங்கிய ஆறு வாரம் அது.

சிவப்பணு எப்போது சிறுக்கிறது, எப்போது சிறுக்காமல் இருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நோயின் தன்மை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. வளர்ந்த மனித உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிர்வாழ்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு குளோபின் சங்கிலிகள். ஆக, ஒரே அணுவுக்காக நூறு கோடிக்கும் மேற்பட்ட புரதச் சங்கிலிகள் கட்டப்பட வேண்டும். அதுவும் எலும்பு மஜ்ஜையில் முன்னோடி அணு நான்கைந்து முறை பிரிந்து முடியும் ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி நடந்தாக வேண்டும். பிறகு உட்கரு வெளியேற்றப்படும். புரதம் கட்டும் கருவிகளான ரைபோசோம்களும் ஓரிரு நாளில் கரைந்துவிடும். அதன்பின் அந்த அணுவால் ஒரு புரதத்தைக்கூடப் புதிதாகச் செய்ய இயலாது. உடலில் வேறோர் அணு இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு புரதத்தைக் கட்டிவிட்டுக் கட்டும் கருவியையே கைவிடுவது அரிது.

இத்தகைய வேகத்துக்குக் கடிவாளம் தேவை. குளோபினும், இரும்பைத் தாங்கும் ஹீமும் ஒன்றுக்கொன்று ஈடாக உருவாக வேண்டும். ஹீம் இல்லாமல் குளோபின் மிஞ்சினால் அது திரண்டு படிந்து அணுவைச் சிதைக்கும். ஆகவே வளரும் சிவப்பணுவுக்குள் ஹீமின் அளவை உணரும் நொதி ஒன்று காவல் இருக்கிறது, எச்.ஆர்.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். ஹீம் குறைந்ததும் அது விழித்து, புரதம் கட்டத் தொடங்குவதற்குத் தேவையான இ.ஐ.எஃப்.2 என்னும் காரணியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. குளோபின் உற்பத்தி மட்டுப்படுகிறது. அணு சிறியதாக, வெளிறியதாக வெளிவருகிறது. ஆனால் சிதையாமல் வருகிறது. இரும்புக் குறைவில் நாம் நுண்ணோக்கியில் காணும் அந்தச் சிறிய, நடுவெளுத்த அணு, அணு தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளம். 2001-இல் வெளியான ஓர் எலி ஆய்வில் இந்த நொதி நீக்கப்பட்ட எலிகளுக்கு இரும்பைக் குறைத்தபோது, சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை. மாறாக, குளோபின் உள்ளே திரண்டு படிந்து அணுக்கள் மஜ்ஜையிலேயே அழிந்தன.

எங்கள் குழந்தையின் அணு சிறுக்கவில்லை. அப்படியானால் சரக்குத் தட்டுப்பாடு இல்லை. பட்டறையில்தான் கோளாறு என்று முதல் நாளே ஐயம் எழுந்தது. அன்று மாலையே ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை எடுத்தோம். உயிருள்ள அணுவுக்கு நியூ மெத்திலீன் நீலம் சேர்த்துப் பார்க்கும் எளிய சோதனை அது. இளம் சிவப்பணுவுக்குள் மிஞ்சியிருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. நீல வலையாகத் திரண்டு தெரியும். ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கிய குழந்தையின் மஜ்ஜை தவித்துப் போய் இளம் அணுக்களை வாரி இறைக்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் பத்துக்கு ஒன்றாவது நீலமாக இருக்க வேண்டும். ஆயிரம் அணுக்களை எண்ணினேன். நீல வலை கொண்டவை இரண்டே இரண்டு. விழுக்காட்டில் 0.2.

சிவப்பணு அழியவில்லை, வெளியேறவில்லை. உருவாகவே இல்லை என்பது உறுதியானது. மஜ்ஜைப் பரிசோதனை அதையே காட்டியது: வெள்ளணு வரிசை முழுமையாக இருந்தது, தட்டணுக்களின் தாய் அணுக்கள் தாராளமாக இருந்தன, சிவப்பணு வரிசை மட்டும் மொத்த அணுக்களில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே. சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடிய பார்வோவைரஸ் பி19 தொற்று இல்லை. குழந்தைப் பருவத்தில் தானாக வந்து தானாகப் போகும் தற்காலிகச் சிவப்பணு நிறுத்தம் பொதுவாக ஒரு வயதுக்குப் பிறகே வரும், அதில் அணுவின் அளவும் சாதாரணமாகவே இருக்கும். மஜ்ஜையைப் பாதிக்கும் மற்றொரு மரபு நோயான பன்கோனி சோகைக்கான நிறமூர்த்த முறிவுச் சோதனை இயல்பாக வந்தது. பி12, ஃபோலேட் இரண்டுக்கும் குறைவில்லை. மீதமிருந்தது, மஜ்ஜையில் சிவப்பணு மட்டும் சரியாக உருவாகாத பிறவி நோயான டைமண்ட்-பிளாக்ஃபேன் சோகை.

இந்த நோயை 1936-இல் ஹ்யூ ஜோசப்ஸும், 1938-இல் போஸ்டனைச் சேர்ந்த லூயிஸ் டைமண்ட், கென்னத் பிளாக்ஃபேன் இருவரும் விவரித்தார்கள். பத்து லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 குழந்தைகள் என்று ஐரோப்பியப் பதிவேடுகள் கணக்குச் சொல்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் வயதுக்குள் தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு முகம், கை, இதயம், சிறுநீரகம் இவற்றில் ஏதாவது ஒரு பிறவிக் குறையும் சேர்ந்திருக்கும்.

எங்கள் குழந்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் எழுதி வைத்தேன். இரண்டாம் நாள் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊசி நழுவாமல் இருக்க அம்மா குழந்தையின் உள்ளங்கையை விரித்துத் தம் கைமீது வைத்துப் பிடித்திருந்தார். இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை குழந்தைக்குத் தட்டையாக இருந்தது. அதன் கீழிருந்த அம்மாவின் கையிலும் அதே இடம் அதேபோல் தட்டையாக இருந்தது. கேட்டபோது, 'எனக்கும் கை சின்னதுலேருந்தே இப்பிடித்தான் டாக்டரே, குடத்த ஒரு கையால பிடிச்சா நிக்காது' என்றார்.

அதன்பிறகு நோயாளியின் வரலாறு என்பது இருவரின் வரலாறு ஆயிற்று. தாய்க்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே சோகை. திருமணத்துக்கு முன்பும் பின்பும் இரும்பு மாத்திரை தின்றுகொண்டே இருந்திருக்கிறார். மூத்த மகனைச் சுமந்தபோது ஒரு யூனிட், இந்தக் குழந்தையைச் சுமந்தபோது எட்டாம் மாதத்தில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது அவரது ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணு அளவு 103, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெர்ரிட்டின் 190, அதாவது இரும்பு போதிய அளவுக்கு மேலேயே இருந்தது. டைமண்ட்-பிளாக்ஃபேன் நோயில் சிவப்பணுவுக்குள் அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதி பெரும்பாலும் கூடியிருக்கும். குழந்தைக்கு ஏற்கெனவே பிறர் ரத்தம் ஏற்றப்பட்டிருந்ததால் அந்தச் சோதனையைக் குழந்தையிடம் செய்து பயனில்லை. தாயிடம் செய்தோம். அளவு தெளிவாகக் கூடியிருந்தது. குழந்தையின் நோயைத் தாயின் ரத்தம் சொல்லிக் கொடுத்தது.

மரபணுச் சோதனைக்கு இருவர் மாதிரிகளையும் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இருவருக்கும் 19-ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஆர்.பி.எஸ்.19 மரபணுவின் ஒரு பிரதியில் ஒரே எழுத்து மாறி, புரதச் சங்கிலி பாதியிலேயே நின்றுபோகும்படியான நிறுத்தக் குறி விழுந்திருந்தது. இந்நோய்க்குக் காரணமாக முதலில் கண்டறியப்பட்ட மரபணு இதுதான், ஆண்டு 1999. நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்த மரபணுவில்தான் மாற்றம் இருக்கிறது.

பாட்டியின் கேள்வி வேறாக இருந்தது. 'எங்க ஊரு மணலுதானே டாக்டரே பிள்ளைக்கு இப்பிடி ஆக்கினது?' மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் இருப்பதும், அதனால் அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடியிருப்பதும் உண்மை. அந்த மண்ணில் பிறந்தவர்கள் எந்த நோய்க்கும் முதலில் அதையே நினைப்பதை நான் குறைவாக எண்ணியதில்லை. அவரிடம் சொன்னது இது: கதிர்வீச்சு மஜ்ஜையைத் தாக்கியிருந்தால் வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்தே விழுந்திருக்கும், இங்கே சிவப்பணு மட்டும் நின்றிருக்கிறது, குழந்தைக்கு இது அம்மாவிடமிருந்து வந்த மரபு, மோனசைட் மணலே இல்லாத நாடுகளிலும் இதே நோய் இருக்கிறது. பாட்டியின் ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. தாத்தா இப்போது இல்லை. குழந்தை மூன்று மாதம் அந்த வீட்டில் வளர்ந்ததற்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பதை மூன்று முறையாவது திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்ததே தவறோ என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்த பாரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி, உடலின் எல்லா அணுக்களுக்கும் தேவையான ஒரு புரதம் பாதியாகக் குறைந்தால் சிவப்பணு மட்டும் ஏன் நின்றுபோகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரைபோசோம் என்பது நான்கு ஆர்.என்.ஏ. இழைகளும் 80 புரதங்களும் சேர்ந்த அமைப்பு. அதன் சிறு துண்டைக் கட்டி முடிக்க ஆர்.பி.எஸ்.19 தேவை. இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று வேலை செய்யாதபோது கட்டி முடிக்கப்படும் ரைபோசோம்களின் எண்ணிக்கை குறைகிறது. அப்படியானால் எல்லாப் புரதமும் சற்றே குறைய வேண்டும் என்றுதான் நானும் படித்த காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட நுட்பமானது.

ஓணத்துக்கு முந்திய நாட்களில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கேரள வியாபாரிகள் விடியுமுன்னே வந்து நிற்கும் அந்த நாளில் கட்டும் கைகள் பாதியாகிவிட்டால் எல்லாப் பூ வேலையும் சமமாகப் பாதியாவதில்லை. உதிரிப்பூ நிறுத்துக் கொடுப்பது நடக்கும். மல்லிகைச் சரம் எப்படியாவது கட்டப்பட்டுவிடும். இலையும் இதழுமாக மடித்து மடித்துக் கோக்க வேண்டிய மாணிக்கமாலையை மட்டும் யாரும் தொடங்கவே மாட்டார்கள். தொடங்குவதற்கே கூடுதல் கை வேண்டும் என்ற வேலைதான் ஆள் குறையும்போது முதலில் விடுபடும்.

அணுவுக்குள் அந்த மாணிக்கமாலை காட்டா-1 என்னும் புரதம். முன்னோடி அணுவைச் சிவப்பணுப் பாதையில் செலுத்தும் தலைமைக் கட்டளைப் புரதம் அது. குளோபின் மரபணுக்களையும் ஹீம் தயாரிப்பு மரபணுக்களையும் இயக்குவது அதுவே. 2012-இல், ரைபோசோம் மரபணுக்களில் எந்தக் குறையும் இல்லாத சில டைமண்ட்-பிளாக்ஃபேன் நோயாளிகளிடம் காட்டா-1 மரபணுவிலேயே மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. பட்டறைக் கோளாறும் கட்டளைக் கோளாறும் ஒரே நோயில் வந்து முடிந்தால் இரண்டுக்கும் இடையே பாலம் இருக்க வேண்டும். 2014-இல் அந்தப் பாலம் தெரிந்தது: ரைபோசோம் புரதம் குறைந்த அணுக்களில் மரபணுவின் கட்டளையைச் சுமந்து வரும் காட்டா-1-க்கான தூது ஆர்.என்.ஏ. இருந்தும் அதிலிருந்து புரதம் தயாராவது தனித்துக் குறைந்தது; மற்றத் தூதுகளைவிடக் காட்டா-1-இன் தூதில் மொழிபெயர்ப்பை, அதாவது தூதைப் படித்துப் புரதம் கட்டுவதை, தொடங்குவதற்குத் தேவைப்படும் வரம்பு உயரமாக இருப்பது அதற்கு ஒரு காரணம். நோயாளிகளின் அணுக்களில் காட்டா-1 புரதத்தைக் கூட்டியபோது சிவப்பணு வளர்ச்சி ஓரளவு மீண்டது. 2018-இல் வந்த மற்றோர் ஆய்வு, இந்நோயில் ரைபோசோமின் உறுப்புகளின் கலவை மாறுவதில்லை, எண்ணிக்கைதான் குறைகிறது என்பதையும், அந்த எண்ணிக்கைக் குறைவே சிவப்பணுப் பாதையைத் தேர்ந்தெடுக்கத் தேவையான சில தூதுகளைத் தனித்துத் தாக்குகிறது என்பதையும் காட்டியது.

இதோடு வேறு இரண்டு பாதைகளும் சேர்கின்றன. ரைபோசோம் கட்டுமானம் பாதியில் நிற்கும்போது இடம் கிடைக்காமல் மிஞ்சும் ஆர்.பி.எல்.5, ஆர்.பி.எல்.11 என்னும் புரதங்கள், அணு பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி53 என்னும் புரதத்தை அழிக்கும் மற்றொரு புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன; பி53 பெருகி அணு பிரிவதை நிறுத்துகிறது, சில வேளை அணுவையே கொன்றுவிடுகிறது. மற்றொன்று ஹீம். குளோபின் மெதுவாகக் கட்டப்பட, ஹீம் தன் வேகத்தில் உருவாகிக்கொண்டே இருந்தால், துணையற்ற ஹீம் அணுவுக்கு நஞ்சாகிறது. இரும்புக் குறைவில் நடப்பதற்கு இது நேர் எதிர்: அங்கே ஹீம் குறைந்து குளோபின் மிஞ்சும் ஆபத்து, இங்கே குளோபின் குறைந்து ஹீம் மிஞ்சும் ஆபத்து. இந்தக் குழந்தைக்கு இத்தனை வாரம் இரும்பு கொடுத்தது பயனற்றது என்பதோடு நின்றுவிடவில்லை; ரத்தம் ஏற்றும்போது ஒவ்வொரு யூனிட்டிலும் வரும் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் சேரப்போகும் ஒரு உடலுக்குள் அது மேலும் இரும்பைச் சேர்த்தது.

சிகிச்சையைத் தொடங்கும்போது உடனே ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. முதல் வயதுக்குள் அதைத் தொடங்கினால் வளர்ச்சியும் தடுப்பூசிகளும் பாதிக்கப்படும் என்பதால், ஒரு வயது வரை வெள்ளணு நீக்கிய சிவப்பணு மட்டும் மூன்றரை வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதென முடிவு செய்தோம். தந்தையின் தம்பி முதல் நாளே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பியது எனக்கே சங்கடமாக இருந்தது. பிற்காலத்தில் மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்ற நிலையில் ரத்த உறவினரின் ரத்தத்தை ஏற்றக் கூடாது. உடல் அவர்களின் அணுக்களை எதிர்க்கப் பழகிவிடும். தோட்டத்தில் உடன் பால் வெட்டுபவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மழைக்காலத்தில் வெட்டு நின்று கூலி நின்றபோதும் யாரும் முறை தவறவில்லை.

ஒரு வயதுக்குள் எட்டு முறை ரத்தம் ஏற்றியாயிற்று. பெர்ரிட்டின் 780-ஐத் தொட்டது. இதற்கிடையே குழந்தைக்கு ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியும் மட்டிப் பழமும் தொடங்கியிருந்தார்கள். 'முருங்கைக்கீரை கொடுக்கலாமா' என்று அம்மா தயங்கிக் கேட்டார். இரும்பு என்ற சொல்லே அந்த வீட்டில் அச்சமூட்டும் சொல்லாகியிருந்தது. உணவில் வரும் இரும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மருந்துக்கடையில் வாங்கும் இரும்புதான் கூடாது என்று விளக்கினேன்.

முதல் பிறந்தநாள் முடிந்து தடுப்பூசிகள் நிறைவேறியபின், கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பிரெட்னிசலோன் தொடங்கினோம். 7.6 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். ஸ்டீராய்டு ரைபோசோமைப் பழுது பார்ப்பதில்லை. சிவப்பணு வரிசையின் தொடக்கநிலை முன்னோடிகள் முதிர்வதற்கு முன் இன்னும் சில முறை பிரிந்து பெருகும்படி அது செய்கிறது. ஒவ்வொரு கையும் மெதுவாகவே கட்டினாலும் கைகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு முதல் முறை இது பலன் தரும். பலன் தருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

ஏழாம் நாள் ரெட்டிகுலோசைட் 0.3. தந்தை விடிகாலை வெட்டை முடித்துப் பால் ஊற்றிவிட்டு, கையில் ரப்பர் பாலின் வாடை போகாமலேயே நண்பகலில் வந்து எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். பதினோராம் நாள் கண்ணாடிச் சில்லை நானே வைத்துப் பார்த்தேன். முதல் பார்வைப் பரப்பிலேயே மூன்று அணுக்களில் நீல வலை இருந்தது. அடுத்த பரப்பில் நான்கு. எண்ணி முடித்தபோது 2.8 விழுக்காடு. அந்த நீல இழைகள் ஒவ்வொன்றும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.; எது குறைந்ததால் இந்தக் குழந்தை இத்தனை நாள் வெளுத்துக் கிடந்ததோ அதுவே கண்ணெதிரே நீலமாக நின்றது. தந்தையை உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, 'இது புதுசா உண்டானதா டாக்டரே' என்று மட்டும் கேட்டார். இருபதாம் நாள் 6.4 விழுக்காடு, ரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபின் 9.1.

அதன்பின் அளவை மிக மெதுவாகக் குறைத்தோம். முகம் ஊதியது, சில வாரம் பசி அடங்கவில்லை, ரத்த அழுத்தத்தை வாரந்தோறும் பார்த்தோம். இப்போது குழந்தைக்கு இரண்டு வயது மூன்று மாதம், எடை 10 கிலோ. நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் மட்டும் போகிறது; ஹீமோகுளோபின் 9.8-க்கும் 10.4-க்கும் இடையே நிற்கிறது. கடைசியாக ரத்தம் ஏற்றி ஓராண்டுக்கு மேலாகிறது. பெர்ரிட்டின் 410-க்கு இறங்கியிருக்கிறது. கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்து தேவைப்பட்டால் ஸ்டீராய்டை விட்டுவிட்டு மீண்டும் ரத்தம் ஏற்றுவதும், இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் தொடங்குவதும் என்பது பெற்றோரிடம் முன்பே பேசி வைத்த வழி. எலும்பு, உயரம், கண் மூன்றையும் தொடர்ந்து பார்த்து வருகிறோம்.

ஆறு வயது அண்ணனின் மாதிரியும் சோதிக்கப்பட்டது. திசுப் பொருத்தம் முழுமையாக இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அவனிடம் ஆர்.பி.எஸ்.19 மாற்றம் இல்லை. இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிடக் கூடாது. தாயைப் போல நோய் இன்னதென்று தெரியாமல் மாற்றத்தைச் சுமக்கும் உடன்பிறப்பின் மஜ்ஜையை வைத்தால், போன நோயே திரும்ப வரும். ஸ்டீராய்டு வேலை செய்யும்வரை மஜ்ஜை மாற்றுக்கு அவசரம் இல்லை என்பது தற்போதைய முடிவு.

தாய்க்கு மருந்து எதுவும் தொடங்கவில்லை. இத்தனை ஆண்டு உண்ட இரும்பு மாத்திரையை நிறுத்தியது ஒன்றுதான் செய்தது. மற்றொரு கர்ப்பம் அவருக்கே சோகையைக் கூட்டக்கூடும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் அப்படியே. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாற்றம் செல்வதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. இவற்றை இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். அவரது தம்பிக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் அவருக்கும் சோதனை செய்யச் சொன்னோம், மாற்றம் இல்லை.

குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் இப்போது பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. நோயின் பெயர், ஸ்டீராய்டின் அளவு, அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, உறவினர் ரத்தம் ஏற்றக் கூடாது என்ற குறிப்பு, பெர்ரிட்டின் பார்க்காமல் இரும்பு மருந்து கொடுக்க வேண்டாம் என்ற வரி. அதே தாளின் படி ஒன்றைத் தாயின் பெயரில் அவரது ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார்; அந்த இரும்பு வரியின் அடியில் பாட்டி பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.